மருந்து காட்டும் மரபணு



ஒரு மோட்டார் வண்டியைப் பட்டறையில் பிரித்துப் போட்டு, அதன் உறுப்புகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பட்டியல் எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் முழுமையாக இருக்கிறது. ஆனால் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பழுதான வண்டியைச் சரிசெய்ய முடியுமா? முடியாது அல்லவா?

மனித உடலைப் பொறுத்தவரை, அறிவியலாளர்கள் அத்தகைய ஒரு நிலையில்தான் இருந்தார்கள். மனித மரபணுக்களைப் படித்தறியும் மாபெரும் திட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவுற்றது. புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் நம் உடலில் ஏறத்தாழ 20,000 உள்ளன என்று தெரிய வந்தது. மரபணு என்பதைச் சிலர் ஜீன் என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. புரதங்களே நம் உயிரணுக்களில் வேலை பார்க்கும் ஆட்கள். ஆகவே பட்டியல் கிடைத்துவிட்டது. ஆனால் எந்த ஆள் எந்த வேலையைச் செய்கிறார் என்பதை ஒவ்வொன்றாகத்தான் கண்டறிய வேண்டும். அதைக் கண்டறியும் வழிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். அந்த வழியில் மருந்துப் பொருள்களே வழிகாட்டிகளாக அமைகின்றன.

முதலில் பழைய வழியைப் பார்ப்போம். ஓர் உறுப்பின் வேலை தெரியவில்லை என்றால் என்ன செய்யலாம்? அதைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். விளக்கு எரியவில்லை என்றால் அது விளக்குக்கான உறுப்பு. ஒலிப்பான் ஒலிக்கவில்லை என்றால் அது ஒலிப்பானுக்கான உறுப்பு. மரபியலாளர்களும் இப்படித்தான் செய்தார்கள். பழ ஈக்களிலும் எலிகளிலும் ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு, அதனால் என்ன குறை நேர்கிறது என்று கவனித்தார்கள். நாம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே.

ஆனால் அந்த வழிக்கு மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. உயிருக்கு இன்றியமையாத மரபணுவைக் கெடுத்தால் அந்த உயிர் கருவிலேயே அழிந்துவிடும். நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இஃது ஒன்று. பிறக்கும்போதே ஒரு புரதம் இல்லாமல் போனால், உடல் வேறு ஏதேனும் ஒரு புரதத்தைக் கொண்டு அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்ளக்கூடும். அப்போது குறை வெளியே தெரியாது. இஃது இரண்டு. கெடுத்த மரபணுவை நினைத்த நேரத்தில் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதன்று. இது மூன்றாவது.

இந்த இடத்தில்தான் சிறு மூலக்கூறுகள் உதவிக்கு வருகின்றன. மரபணுவைத் தொடாமல், அது உண்டாக்கிய புரதத்தை மட்டும் சிறிது நேரம் வேலை செய்யவிடாமல் தடுத்து நிறுத்துவது இந்த வழி. இதற்கு வேதி மரபியல் என்று பெயர். வீட்டில் மின்விசிறி எந்த விசையில் ஓடுகிறது என்று அறிய, கம்பியை வெட்ட வேண்டியதில்லை. விசையை அணைத்துப் பார்த்து மீண்டும் போட்டால் போதும். சிறு மூலக்கூறு அந்த விசையைப் போன்றது. மருந்தை இட்ட சில நிமிடங்களில் புரதம் நிற்கும். மருந்தைக் கழுவி அகற்றினால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வேண்டிய நேரத்தில் கொடுக்கலாம்.

சிறு மூலக்கூறு என்றால் எவ்வளவு சிறியது? நாம் தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரையில் உள்ள மூலக்கூறின் எடை 180. காப்பியில் உள்ள காஃபீனின் எடை 194. இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் எடையோ ஏறத்தாழ 64,500. பெரும்பாலான மருந்து மூலக்கூறுகளின் எடை 500க்குள் அடங்கிவிடும். ஒரு புரதத்தின் முன்னே மருந்து மூலக்கூறு, பெரிய கதவின் முன்னே கிடக்கும் சாவியைப் போன்றது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இந்தச் சிறு சாவி புரதத்தின் மேலுள்ள பள்ளம் ஒன்றில் பொருந்தி உட்கார்ந்துவிட்டால், அவ்வளவு பெரிய புரதமும் செயலற்றுப் போகும்.

காப்பியையே எடுத்துக்கொள்வோம். நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மூளை உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பி என்னும் புரதத்தில் பொருந்தும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீனும் அதே பள்ளத்தில் நுழைகிறது. ஆனால் பூட்டைத் திறப்பதில்லை. துவாரத்தில் நுழைந்தும் திரும்பாத சாவியைப் போல், இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. அதனால் தூக்கம் தள்ளிப்போகிறது. இந்த ஏற்பிகளில் பல வகைகள் உள்ளன. நம்மை விழிக்க வைப்பதற்குக் காஃபீன் எந்த வகையைத் தடுக்கிறது? 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒரு குறிப்பிட்ட வகை ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் காஃபீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகள் தூக்கம் கலைந்து விழித்திருந்தன. இந்த எலிகளுக்கோ காஃபீன் ஒன்றும் செய்யவில்லை. பூட்டே இல்லாத கதவில் சாவிக்கு என்ன வேலை? அந்த மரபணுவின் வேலையும், காஃபீன் செயற்படும் இடமும் ஒரே சோதனையில் உறுதிப்பட்டன.

நேயர்களே, இந்த வழியின் தொடக்கத்தை நாடிச் சென்றால், தமிழர்கள் நன்கறிந்த ஒரு செடியின் நஞ்சை அங்கே காணலாம். செங்காந்தள் மலரை நீங்கள் அறிவீர்கள். கார்த்திகைப் பூ என்றும் அதற்குப் பெயர். அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அந்த நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். ஐரோப்பாவில் வளரும் வேறொரு செடியிலும் இதே பொருள் உண்டு. 1820ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் அந்தச் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். மூட்டுகளில் கடும் வலியைத் தரும் கௌட் என்னும் வாத நோய்க்கு இது மிகச் சிறிய அளவில் இன்றும் மருந்தாகிறது. இன்று இம்மருந்துப் பொருளுக்காகவே தமிழ்நாட்டில் செங்காந்தளைப் பயிர் செய்கிறார்கள். ஆனால் நேயர்கள் இதைக் கைவைத்தியமாக முயலவே கூடாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது.

கோல்ச்சிசினை உயிரணுக்களில் இட்டால், அவை இரண்டாகப் பிரியும் வேளையில் பாதியிலேயே நின்றுவிடும். அந்த வேளையில்தான் மரபணுக்களைத் தாங்கிய குரோமோசோம்கள் தடித்துத் தெளிவாகத் தெரியும். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்ற அறிஞரும், சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவானும் இந்த உத்தியைப் பயன்படுத்தி, மனித உயிரணுவில் இருப்பவை 46 குரோமோசோம்கள் என்று 1956ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அதுவரை 48 என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன. அடுத்த கேள்வி எழுந்தது. கோல்ச்சிசின் எதைப் பற்றிக்கொண்டு உயிரணுவை நிறுத்துகிறது? அமெரிக்காவின் சிகாகோ நகரில் போரிசி, டெய்லர் என்னும் இருவர் கதிரியக்கக் குறியிட்ட கோல்ச்சிசினைப் பயன்படுத்தித் தேடினார்கள். அந்தக் குறி எந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்று 1967இல் கண்டுபிடித்தார்கள். பின்னர் டியூபுலின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதமே, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நுண்குழல்களைக் கட்டும் செங்கல். அதாவது நஞ்சின் பின்னாலேயே சென்று, உயிரணுவின் ஓர் அடிப்படை உறுப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த வழியின் முழு ஆற்றலையும் உலகுக்குக் காட்டிய கதை இன்னொன்று உண்டு. அது தொடங்கும் இடம் தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவு. கடலை நோக்கியும் நிலத்தை நோக்கியும் நிற்கும் பெரிய கற்சிலைகளால் பெயர் பெற்ற தீவு அது. தீவு மக்கள் தங்கள் மண்ணை ராப்பா நூயி என்று அழைக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்து மருத்துவக் குழு ஒன்று கப்பலில் அங்கே சென்றது. வெளியுலகத் தொடர்பு குறைந்த அந்த மக்களின் உடல்நிலையை ஆராய்வதே குழுவின் நோக்கம். குழுவில் இருந்த நுண்ணுயிரியலாளர் ஒருவர் தீவின் பல பகுதிகளிலிருந்தும் மண்ணைச் சேகரித்தார்.

அந்த மண் பின்னர் மாண்ட்ரியல் நகரிலிருந்த ஏயர்ஸ்ட் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தது. அதில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர், பூஞ்சைகளின் வளர்ச்சியை நிறுத்தும் பொருள் ஒன்றைச் சுரந்தது. 1972இல் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. தீவின் பெயரையொட்டி அதற்கு ராப்பாமைசின் என்று பெயரிட்டார்கள். அந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் சுரேன் சேகல் என்னும் இந்தியர். பூஞ்சைக் கொல்லி மருந்தாக அதை விற்கலாம் என்பது முதல் எண்ணம். ஆனால் அது உடலின் நோய் எதிர்ப்பாற்றலையும் தணித்தது. காலில் சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடப்போய் உடலின் காவலையே குறைத்துக்கொள்ள யார் விரும்புவார்கள்? ஆகவே நிறுவனத்திற்கு அதில் ஆர்வம் குன்றியது.

1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. பணி அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது. ராப்பாமைசின் ஆராய்ச்சியும் கைவிடப்பட்டது. ஆனால் சேகலுக்கு அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதைச் சுரக்கும் நுண்ணுயிரைச் சிறு குப்பிகளில் அடைத்துத் தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்தார். சில ஆண்டுகளில் காற்று திசை மாறியது. பிறர் உறுப்பைப் பொருத்தும் அறுவை மருத்துவம் வளர்ந்தது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளுக்குத் தேவை ஏற்பட்டது. முன்பு குறையாகத் தோன்றிய பண்பே இப்போது நிறையாயிற்று. நிறுவனத்தின் நிருவாகம் மாறியபோது, சேகல் மீண்டும் எடுத்துச் சொல்லி ஆராய்ச்சியைத் தொடரச் செய்தார்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை. ராப்பாமைசின் உயிரணுவுக்குள் எதைத் தடுக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தந்தது மனித உடலன்று. ரொட்டிக் கடையில் மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹால், ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா ஆகிய மூவரும் செய்த சோதனையைச் சற்று நிதானமாகக் காண்போம்.

ஈஸ்ட்டும் பூஞ்சை இனம். ஆகவே ராப்பாமைசின் அதன் வளர்ச்சியையும் நிறுத்தும். தட்டு ஒன்றில் ராப்பாமைசின் கலந்த உணவை ஊற்றி, கோடிக்கணக்கான ஈஸ்ட் உயிரணுக்களை அதில் பரப்பினால் ஏறக்குறைய எல்லாமே வளராமல் நின்றுவிடும். ஆனால் எங்கோ ஒன்றிரண்டு மட்டும் வளர்ந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தோன்றும். அவை ஏன் தப்பின? அவற்றின் மரபணுக்களுள் ஏதோ ஒன்று தற்செயலாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் ராப்பாமைசினால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே தப்பியவற்றில் மாறியிருக்கும் மரபணு எது என்று கண்டுபிடித்தால், ராப்பாமைசின் பற்றும் இடம் எது என்பது வெளிப்பட்டுவிடும். திருடன் எந்த வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனான் என்று பார்த்து, அந்த வீட்டுப் பூட்டில் என்ன மாறுதல் என்று ஆராய்வதைப் போன்றது இது.

1991ஆம் ஆண்டு அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மரபணுக்கள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, ராப்பாமைசினோடு ஒட்டிக்கொள்ளும் என்று முன்னரே தெரிந்திருந்த ஒரு சிறு புரதத்துக்கு உரியது. இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தச் சிறு புரதத்தை முற்றிலும் நீக்கிவிட்டாலும் ஈஸ்ட் நலமாக வளர்ந்தது. அதோடு ராப்பாமைசினும் அதை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால், அந்தப் புரதம் தடைப்படுவதால் வளர்ச்சி நிற்கவில்லை என்பது தெளிவு. ராப்பாமைசின் முதலில் அந்தச் சிறு புரதத்தோடு கைகோத்துக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து வேறொன்றைப் போய் மடக்குகின்றன. அந்த வேறொன்றுக்கு உரியவையே மற்ற இரண்டு மரபணுக்கள். அவற்றுக்கு டோர் ஒன்று, டோர் இரண்டு என்று பெயர் வைத்தார்கள். ராப்பாமைசினின் இலக்கு என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு வாயில் என்றும் பொருள். பழைய கோட்டை வாயில்கள் இன்னும் நிற்கும் பாசல் நகருக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

1994ஆம் ஆண்டளவில் பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இதே புரதம் இருப்பதைப் பல குழுக்கள் தனித்தனியே கண்டன. ஈஸ்ட்டில் இருப்பது மனிதனிலும் இருக்கிறது என்றால், அந்தப் புரதம் செய்வது அடிப்படையான வேலையாகத்தான் இருக்க வேண்டும். அந்த வேலை என்ன? டோர் புரதத்தைத் தோட்டத்துக் கங்காணிக்கு ஒப்பிடலாம். உணவும் சத்தும் வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, வந்திருந்தால் மட்டும் வேலையைத் தொடங்கச் சொல்கிறது. புரதங்களைச் செய், உயிரணுவே வளர் என்று ஆணையிடுகிறது. சத்து குறைந்தால் புதுக் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்கிறது. அப்போது உயிரணு தன்னிடமுள்ள பழைய பொருள்களைப் பிரித்துப் பயன்படுத்திக்கொள்கிறது. ராப்பாமைசின் இந்தக் கங்காணியின் வாயை அடைக்கிறது. வயிறு நிறைய உணவு இருந்தும், பஞ்சம் வந்துவிட்டது என்று உயிரணு எண்ணிக்கொள்கிறது.

இதை அறிந்த பின்னர் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பிறர் சிறுநீரகத்தைப் பொருத்தியவரின் உடலில், அந்தச் சிறுநீரகத்தை அயலான் என்று கருதி வெள்ளை அணுக்கள் பெருகித் தாக்க முனையும். டோர் தடைப்பட்டால் அவை பெருகமாட்டா. 1999ஆம் ஆண்டு ராப்பாமைசின் இதற்கு மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இதயக் குழாய் அடைப்பை நீக்கி வைக்கப்படும் கம்பிவலைக் குழலைச் சுற்றிச் சதை வளர்ந்து மீண்டும் அடைத்துக்கொள்வதுண்டு. அதைத் தடுக்கக் குழலின் மேல் ராப்பாமைசினைப் பூசினார்கள். அது 2003இல் அங்கே ஏற்கப்பட்டது. அதே குடும்பத்து மருந்துகள் இரண்டு, 2007இலும் 2009இலும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு வந்தன.

இவை எல்லாவற்றினும் மனத்தைத் தொடுவது, மரபணு அறிவு நேரே நோயாளியிடம் திரும்பி வந்த ஒரு நிகழ்ச்சி. சில குழந்தைகள் மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றும் ஒரு பரம்பரை நோயோடு பிறக்கிறார்கள். வலிப்பும் வரும். அதற்குக் காரணமான மரபணுக்கள் இரண்டு என்பது தெரியும். அவற்றின் வேலைதான் தெரியாமல் இருந்தது. 2002ஆம் ஆண்டில், அந்த இரண்டும் டோர் புரதத்தை அடக்கி வைக்கும் கடிவாளங்கள் என்று தெரிந்தது. கடிவாளம் அறுந்ததால் கங்காணி ஓயாமல் ஆணையிடுகிறான், கட்டிகள் வளர்கின்றன. அப்படியானால் ராப்பாமைசின் குடும்பத்து மருந்து உதவ வேண்டுமல்லவா? உதவியது. இந்நோயில் தோன்றும் ஒரு வகை மூளைக் கட்டிக்கு அத்தகைய மருந்து 2010இல் ஏற்கப்பட்டது. சேகல் 2003ஆம் ஆண்டு புற்றுநோயால் காலமானார். இதைக் காண அவர் இல்லை.

2009ஆம் ஆண்டு இன்னொரு செய்தியும் வந்தது. முதுமை தொடங்கிய எலிகளுக்கு ராப்பாமைசினை உணவில் கலந்து கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. பத்தில் ஒன்பது எலிகள் இறந்துவிடும் வயதை வைத்துக் கணக்கிட்டால், ஆண் எலிகளுக்கு 9 விழுக்காடும் பெண் எலிகளுக்கு 14 விழுக்காடும் ஆயுள் நீண்டது. இதைக் கேட்டு மருந்துக் கடைக்கு யாரும் ஓடிவிட வேண்டாம். மனிதரின் ஆயுளை அது நீட்டும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. எதிர்ப்பாற்றலைத் தணித்து, கிருமிகளுக்கு இடங்கொடுக்கக்கூடிய மருந்து அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதுவரை நாம் கண்டது, கையில் ஒரு மூலக்கூறை வைத்துக்கொண்டு அதன் மரபணுவைத் தேடும் வழி. இதற்கு எதிர்த் திசையிலும் செல்லலாம். நோய்க்குக் காரணமான மரபணு முன்னமே தெரிந்தால், அதன் புரதத்தை நிறுத்தும் மூலக்கூறைத் தேடலாம். இதற்கு ஒரு வகை இரத்தப் புற்றுநோய் சிறந்த சான்று. அந்த நோயாளிகளின் உயிரணுக்களில் வழக்கத்தினும் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1960இல் கண்டார்கள். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அப்படி ஆயிற்று என்று 1973இல் ஜேனட் ரௌலி என்னும் பெண் அறிஞர் விளக்கினார். அந்த மாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, நிறுத்தவே முடியாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அதன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறை வேதியியலாளர்கள் செய்தார்கள். அதுவே இமாட்டினிப். 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பழைய மருந்து பலன் தராத 54 பேருக்குப் போதிய அளவில் கொடுத்தபோது, 53 பேரின் இரத்த அணுக்கள் சீரான எண்ணிக்கைக்குத் திரும்பின. 2001இல் மருந்து ஏற்கப்பட்டது. ஆண்டு சிலவற்றில் உயிரைக் குடித்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வாழக்கூடிய நோயாகப் பலருக்கு மாறியது.

ஆனால் சிலருக்கு மருந்து சில காலம் கேட்டுப் பின் கேளாமற் போயிற்று. அவர்களின் புற்றணுக்களை ஆராய்ந்தபோது, மருந்து பொருந்தும் பள்ளத்திலேயே மாற்றம் நிகழ்ந்திருந்தது தெரிந்தது. ஈஸ்ட் தட்டில் தப்பிப் பிழைத்த வெள்ளைப் புள்ளிகளை நினைவுகூருங்கள். அதே பாடம்தான்! எதிர்த்து நிற்கும் உயிரணு, மருந்து பற்றும் இடம் எது என்பதைத் தன் மாற்றத்தாலேயே சொல்லிவிடுகிறது. அந்தப் பாடத்தைப் படித்து, மாறிய பள்ளங்களுக்கும் பொருந்தும் புதிய மருந்துகளைச் செய்தார்கள்.

நேயர்களே, இந்த வழியில் ஒரு பெரிய எச்சரிக்கையும் உண்டு. ஒரு சாவி ஒரே பூட்டைத்தான் திறக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இதற்கு உலகம் கொடுத்த விலை மிகப் பெரிது. தாலிடோமைட் என்னும் தூக்க மருந்து 1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற தாய்மாரின் மயக்கத்திற்கும் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். கையும் காலும் வளராமல் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961இன் இறுதியில் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. அந்த மருந்து கருவுக்குள் எதைப் பற்றியது என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 2010ஆம் ஆண்டு ஜப்பானில் ஹண்டா என்பவரின் குழுவினர் தாலிடோமைடை நுண்ணிய மணிகளில் கோத்துத் தூண்டிலைப் போல உயிரணுச் சாற்றில் இட்டார்கள். செரிப்லான் என்னும் புரதம் அகப்பட்டது. தாலிடோமைட் ஒட்ட முடியாதபடி மாற்றிய செரிப்லானை மீன் கருவில் வைத்தபோது, மருந்து இருந்தும் துடுப்புகள் ஒழுங்காக வளர்ந்தன. ஐயத்திற்கு இடமின்றி உண்மை தெரிந்தது.

செரிப்லானின் வேலை, வேண்டாத புரதங்களை அழிவுக்கு அனுப்ப உதவுவது. தாலிடோமைட் அதில் ஒட்டிக்கொண்டால், அழியக் கூடாத புரதங்களும் அழிவுக்குப் போகின்றன. கருவில் அது பெருங்கேடு. எலும்பு மச்சையில் தோன்றும் ஒரு புற்றுநோயிலோ, புற்றணு உயிர்வாழத் தேவையான புரதங்களையே அது அழித்துவிடுகிறது. அதனால் இன்று தாலிடோமைடும் அதன் உறவு மருந்தும், கருவுற்றவர்களுக்கு ஒருபோதும் போய்ச் சேராதபடி கடுங்கட்டுப்பாட்டுடன், அந்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் நஞ்சு, ஓரிடத்தில் மருந்து. எந்தப் புரதத்தை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் அது தொடுகிறது என்பதை அறிந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

ஆகவேதான் கவனமுள்ள ஆய்வாளர்கள் ஒரு மூலக்கூறின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. அதே புரதத்தைத் தடுக்கும் வேறு வடிவ மூலக்கூறையும் இட்டு, விளைவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மரபணுவை நீக்கியும் பார்க்கிறார்கள். இலக்கை மாற்றினால் மருந்து செயலிழக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். மூன்று சாட்சிகளும் ஒன்றையே சொன்னால்தான் தீர்ப்பு.

இத்தகைய மூலக்கூறுகள் எங்கிருந்து கிடைக்கின்றன? வேதியியலாளர்கள் ஆயிரக்கணக்கில் செய்து வைத்திருக்கிறார்கள். 1999இல் ஓர் அமெரிக்கக் குழு 16,320 பொருள்களைச் சோதித்து, உயிரணுப் பிரிவை ஒரு புதிய முறையில் நிறுத்தும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இயற்கை செய்து வைத்திருப்பவை இன்னும் நுட்பமானவை. 1987ஆம் ஆண்டு சரவாக் காட்டிலே பிந்தாங்கோர் மரம் ஒன்றின் இலையையும் கிளையையும் சேகரித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்த பொருள் எய்ட்ஸ் கிருமியின் ஒரு நொதியைத் தடுப்பது தெரிந்தது. மேலும் சேகரிக்க அதே இடத்துக்குத் திரும்பியபோது அந்த மரம் வெட்டப்பட்டுவிட்டது. நல்வேளையாக அதே இனத்து மரம் சிங்கப்பூர்ப் பூமலையில் இருந்தது. அதிலிருந்து பொருள் கிடைத்தது. அந்த ஆராய்ச்சி மனிதரிடம் தொடக்கச் சோதனை வரை சென்றும், இன்னும் மருந்தாகவில்லை. ஆயினும் நமக்கு அது ஒன்றை உணர்த்துகிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் ஒரு பிடியும், உறைபெட்டியில் சில குப்பிகளும் காக்கப்பட்டதால் பல்லாயிரவர் வாழ்கின்றனர். நம் காடுகளிலும் மண்ணிலும் இன்னும் பெயரிடப்படாத சாவிகள் எத்தனையோ இருக்கக்கூடும். அவை திறக்கும் பூட்டுகள் நம் உடலுக்குள்ளேயே இருக்கின்றன.

மருந்து நோயைத் தீர்ப்பதற்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணியிருந்தோம். அது உயிரணுவைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வியும் ஆகும் என்பதை இன்று கண்டோம். விடை கிடைத்தால், அந்த விடையே அடுத்த மருந்துக்கு வழியாகிறது. அறிவியல் பயிலும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.